சென்னையின் அடுத்த குடம்: எல்லை தாண்டி வரும் நீரா, கடல் நீரா, நம் வீட்டுக் கழிவுநீரா?

2019 ஜூன் மாதம். எங்கள் தெரு முனையில் கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் ஒன்று உண்டு. லாரி வந்து அதை நிரப்பும். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மனிதர்களுக்குப் பதில் குடங்கள் வரிசையில் நின்றன. பச்சை, நீலம், ஆரஞ்சு. ஒவ்வொன்றின் கழுத்திலும் யார் வீட்டுக் குடம் என்று தெரிய ஒரு துணிக்கிழிசல். நள்ளிரவு தாண்டி லாரி ஹாரன் கேட்டதும் தெருவே எழுந்து ஓடும். ஒரு வீட்டுக்கு இத்தனை குடம் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்ட கணக்கு. அதில் ஒரு குடம் கூடினால் சண்டை.

அதே தெருவில் நான் இருக்கும் அடுக்ககத்தில் சண்டை வேறு மாதிரி. லாரிக்காரரிடம் ஒரு லோடுக்குப் பேரம். பணம் இருந்ததால் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கோடையில் சென்னை என்னவெல்லாம் செய்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஏரிகள் வறண்டு, நாளுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த குழாய் விநியோகம் 52 கோடி லிட்டர் அளவுக்கு இறங்கியது. சிக்கராயபுரம் கல்குவாரிக் குட்டைகளில் தேங்கிய நீரை எடுத்துச் சுத்திகரித்தார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர், நாளுக்கு நான்கு நடை என்று திட்டமிட்டு ஒரு கோடி லிட்டர். பெரிய ஏற்பாடு, ஆனால் ஊர் தேவைக்குப் பக்கத்தில் வைத்தால் நூற்றில் ஒரு பங்கு அளவுதான்.

அதற்கப்புறம் நல்ல மழை பெய்தது, நாமும் மறந்துவிட்டோம். அடுத்த வறட்சி வருவதற்கு முன் அரசும் நகரமும் பணத்தை எதில் போடுவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. முன்னால் இருக்கும் வழிகள் இவை: அண்டை மாநிலத்திலிருந்து வரும் நீரைக் கூட்டுவது, கடல்நீரைக் குடிநீராக்குவது, பயன்படுத்திய நீரைத் திரும்பப் பயன்படுத்துவது, ஏரிகளைச் சரிசெய்வது, அப்புறம் யாரும் பேச விரும்பாத கட்டணம். பொதுவாக இவற்றை ஆயிரம் லிட்டருக்கு எவ்வளவு செலவு என்று மட்டும் ஒப்பிடுகிறார்கள். அது போதாது. வறண்ட ஆண்டில் அந்த மதகின் சாவி யார் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கிருஷ்ணா: மலிவுதான், ஆனால்

முதலில் கிருஷ்ணா நீர். 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) சென்னைக்குத் தர ஒப்புக்கொண்டன. 1983-இல் தமிழகமும் ஆந்திரமும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, வழியில் ஆவியாகும் 3 டிஎம்சியைக் கழித்து, எல்லையில் நமக்கு ஆண்டுக்கு 12 டிஎம்சி. ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. ஸ்ரீசைலத்தில் தொடங்கி, வெலுகோடு, சோமசிலா, கண்டலேறு என்று அணை அணையாக இறங்கி, கண்டலேறு - பூண்டி கால்வாயில் 150 கிலோமீட்டர் ஓடி, ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயின்ட்டில் தமிழக எல்லைக்குள் நுழைகிறது. முதல் தண்ணீர் வந்து சேர்ந்தது 1996-இல்.

12 டிஎம்சி என்பது எவ்வளவு? ஒரு டிஎம்சி ஏறக்குறைய 2,832 கோடி லிட்டர். 12 டிஎம்சியை 365 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 93 கோடி லிட்டர். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து ஏரிகளும் விளிம்பு வரை நிரம்பினால்கூட மொத்தம் 11.757 டிஎம்சிதான். அதாவது காகிதத்தில் இருக்கும் கிருஷ்ணா நீர் முழுதாக வந்தால், ஐந்து ஏரியையும் ஒருமுறை நிரப்பியதற்குச் சமம்.

ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் அந்த அளவு வந்ததில்லை. காரணம் ஆந்திரத்தின் கெட்ட எண்ணம் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கால்வாய் ராயலசீமா, நெல்லூர் வழியாக வருகிறது. தமிழ்நாட்டுக்கு இணையாக, சில இடங்களில் அதைவிட மோசமாக, வறட்சியைப் பார்த்த பூமி. தன் நிலம் காயும்போது கண் எதிரே ஓடும் கால்வாயில் ஒரு விவசாயி மோட்டாரைப் போடுகிறார் என்றால் அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். மண் கால்வாயாக இருந்ததில் கசிவும் சேர்ந்துகொண்டது. 2002-க்குப் பிறகு சத்ய சாய் அறக்கட்டளை தன் செலவில் கரையைச் சீரமைத்துக் கொடுத்ததும் நிலைமை நன்றாக மாறியது. எனக்கு அதில் தெரியும் பாடம் சின்னது, ஆனால் முக்கியமானது. புதிய ஒப்பந்தத்துக்காக ஆண்டுக்கணக்கில் பேசுவதைவிட, இருக்கும் கால்வாயின் கரையைப் பூசுவதில் கிடைத்த தண்ணீர் அதிகம்.

கிருஷ்ணாவுக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சென்னை ஏரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. கிருஷ்ணா மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழையால் பெருகும் ஆறு. இரண்டு மழையும் ஒரே ஆண்டில் பொய்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 2019-இல் அதுதான் நடந்தது. ஆகஸ்டில் கிருஷ்ணாவில் வெள்ளம். நம் அமைச்சர்கள் ஆந்திரம் சென்று கேட்டார்கள். செப்டம்பர் கடைசியில் நீர் எல்லையைத் தொட்டது. ஊர் மூச்சுவிட்டது. ஆனால் மே, ஜூனில் உயிர் போகும்போது வரவில்லை. அப்போது மேலே ஸ்ரீசைலத்திலேயே தண்ணீர் இல்லை. 2014-இல் தெலங்கானா பிரிந்த பிறகு அந்த அணை நீருக்குப் போட்டியிடும் கைகளும் கூடிவிட்டன.

செலவைப் பொறுத்தவரை கிருஷ்ணா நீர் லிட்டர் கணக்கில் விலைக்கு வாங்குவதல்ல. திட்டச் செலவிலும் பராமரிப்பிலும் தமிழகம் தன் பங்கைக் கொடுக்கிறது. சரிவில் தானாக ஓடிவரும் நீர் என்பதால் வந்துவிட்டால் இதைவிட மலிவானது இல்லை. வராத ஆண்டிலும் பங்குப்பணம் கேட்கப்படும் என்பதுதான் சிக்கல்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீராணம் நீர் நம் மாநிலத்துக்குள்ளிருந்தே வருகிறது என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 2004 முதல் கடலூர் மாவட்டத்திலிருந்து 230 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வரும் அந்த 18 கோடி லிட்டர் கொள்ளிடத்து நீர். கொள்ளிடம் என்றால் காவிரி, காவிரி என்றால் மேட்டூர், மேட்டூர் என்றால் கர்நாடகத்திலிருந்து காவிரி வருவதை அளக்கும் எல்லைப்புறப் பிலிகுண்டுலு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அங்கே தமிழகத்துக்கு வர வேண்டிய அளவை 192-லிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைத்ததில் 4.75 டிஎம்சி பெங்களூரு நகரின் தேவைக்கு. ஆக, வீராணமும் எல்லை தாண்டி வரும் நீர்தான், அதுவும் டெல்டா விவசாயியின் தட்டிலிருந்து எடுத்தது.

வெளியே இரண்டு ஊர்கள்

எல்லைக்கு அப்பாலிருந்து நீர் வாங்கும் ஊர்களில் சிங்கப்பூரையும் ஹாங்காங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சிங்கப்பூர், 1962 ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். விலை ஆயிரம் கேலனுக்கு 3 சென் (மலேசியக் காசு). சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் ஆயிரம் கேலனுக்கு 50 சென்னுக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இந்த மூன்று சென் மீது இரு நாட்டுக்கும் பல ஆண்டு வாக்குவாதம். ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. இவ்வளவு மலிவாக நீர் கிடைத்தும் சிங்கப்பூர் சும்மா உட்காரவில்லை. 2003-இல் கழிவுநீரைத் தூய்மையாக்கி நியூவாட்டர் என்று பெயரிட்டது, 2005-இல் கடல்நீர் ஆலை திறந்தது, 2008-இல் நகரின் நடுவே மரினா அணைக்கட்டு. 1991-லிருந்தே தண்ணீர் மீது சேமிப்பு வரி. 2017-18-இல் கட்டணத்தை 30 சதவீதம் ஏற்றியது. மறுபடி 2024, 2025-இல் ஏற்றி, மாதம் 40 கனமீட்டர் வரை கனமீட்டருக்கு 3.24 சிங்கப்பூர் டாலர் ஆக்கியது. ஏழைக் குடும்பங்களுக்குத் தண்ணீரை மலிவாக்கவில்லை. பில்லில் கழித்துக்கொள்ளும் தள்ளுபடியைத் தனியாகக் கொடுத்தது.

ஹாங்காங் வேறு வழியில் போனது. 1963-64 வறட்சியில் நான்கு நாளுக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் தண்ணீர் என்ற நிலையைப் பார்த்த ஊர். 1965 முதல் சீனாவின் தோங்ஜியாங் ஆற்று நீரை வாங்குகிறது. இன்று அதன் நன்னீரில் 70 முதல் 80 சதவீதம் அதுதான். எல்லைக்கு அப்பால் இருப்பது அதே தேசம் என்ற தைரியம். ஆனால் உள்ளூர்க் கட்டணத்தை 1995-லிருந்து தொடவே இல்லை. நான்கு மாதத்துக்கு முதல் 12 கனமீட்டர் எல்லோருக்கும் இலவசம், கோடீஸ்வரருக்கும் சேர்த்து. கடல்நீர் ஆலை அங்கே 2023 கடைசியில்தான் மீண்டும் வந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் அந்த ஊரைக் கையெடுத்துக் கும்பிடலாம். 1950-களிலிருந்தே கழிப்பறைக்குக் கடல்நீரைத் தனிக்குழாயில் கொடுக்கிறது. கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு குடிநீரை ஃப்ளஷ் செய்யும் நமக்கு அது உறைக்க வேண்டும்.

இரண்டில் சென்னை எதைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஹாங்காங்குக்கு நீர் தருவது அதே நாடு. பணம் கொடுத்தால் வரும். நமக்கும் ஆந்திரம் அதே நாடுதான், ஆனால் அங்கே நீர் பணத்துக்கு நகர்வதில்லை, மழைக்கும் தேர்தலுக்கும் நகர்கிறது. ஆகவே சிங்கப்பூர் செய்ததுபோல், வரும் நீரை விடாமல் வாங்கிக்கொண்டே அது இல்லாத நாளுக்குத் தயாராவதுதான் வழி.

கடல்நீர்: விலை தெரியும், நாள் தவறாது

கடல்நீர் ஆலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அதில் மர்மம் குறைவு. மீஞ்சூர் 2010, நெம்மேலி 2013. இரண்டும் நாளுக்குத் தலா 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் இன்னொரு 15 கோடி லிட்டர். பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். எல்லாம் சேர்ந்தால் 75 கோடி லிட்டர். 2019 கோடையில் ஊர் முழுக்கக் கொடுத்ததைவிட அதிகம்.

மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வரும். சாவி நம் கையில். அதற்கு விலை உண்டு. மீஞ்சூர் ஒப்பந்தம் ஆயிரம் லிட்டருக்கு 49 ரூபாயை ஒட்டியது. ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் பிடிக்கும் என்பது பொதுக்கணக்கு. பேரூர் முழுவீச்சில் ஓடினால் நாளுக்கு 12 முதல் 16 லட்சம் யூனிட். ஏரி நிரம்பி வழியும் ஆண்டிலும் கட்டிய ஆலைக்கு வட்டியும் பராமரிப்பும் நிற்காது. உப்பு கூடிய கழிவை மீண்டும் கடலில்தான் விடுகிறார்கள். நெம்மேலி பக்கத்து மீனவக் குப்பத்து மக்கள் கரை அரிப்பு பற்றிக் குரல் எழுப்பியிருக்கிறார்கள். நகரத்துக்கான நீரின் விலையில் அவர்கள் கணக்கு எழுதப்படவே இல்லை.

கடல்நீர் ஆலையை நான் காப்பீடு மாதிரி பார்க்கிறேன். வேண்டும். ஆனால் காப்பீட்டுக்கு மேல் காப்பீடு வாங்கிக்கொண்டே போகும் குடும்பம் கடைசியில் அரிசிக்குப் பணமில்லாமல் நிற்கும். பேரூரோடு நிறுத்திக்கொண்டு மற்றதைப் பார்க்கலாம்.

நாம் ஊற்றி விடும் நீர்

குழாயில் வீட்டுக்குள் வருவதில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராக வெளியே போகிறது என்று வைத்துத்தான் பாதாளச் சாக்கடையையே வடிவமைக்கிறார்கள். நாளுக்கு 100 கோடி லிட்டர் கொடுக்கும் ஊரில் 80 கோடி லிட்டர். கிருஷ்ணா ஒப்பந்தத்தின் முழு அளவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இதற்கு எந்த முதலமைச்சரிடமும் போய்க் கேட்க வேண்டாம். கோடையில் குறையாது, ஊர் வளர வளரக் கூடும்.

இதைச் சென்னை புதிதாகக் கற்க வேண்டியதும் இல்லை. மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990-களிலேயே நகரின் கழிவுநீரை வாங்கித் தூய்மையாக்கிப் பயன்படுத்தத் தொடங்கின. பிறகு கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள், அதாவது வழக்கமாகச் சுத்திகரித்த கழிவுநீரை இன்னொரு படி தூய்மையாக்கும் ஆலைகள், வந்தன. ஒன்றின் நீர் மணலிப் பக்கம், மற்றது இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு. அங்கே கார் தொழிற்சாலை குடிக்காத ஒவ்வொரு லிட்டர் ஏரி நீரும் ஒரு வீட்டுக்கு மிச்சம்.

கடல்நீரோடு ஒப்பிட்டால் இதில் உப்பு குறைவு, ஆகவே அழுத்தமும் மின்சாரமும் குறைவு. தொழிற்சாலைக்கு, ஏசி குளிர்விக்கும் கோபுரத்துக்கு, கட்டுமானத்துக்கு, பூங்காவுக்கு என்று போவதில் யாருக்கும் மனத்தடை இல்லை. குடிநீராகவா என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அடையாறும் கூவமும் சுமந்து போவது என்ன, ஏரிகளில் இன்று திருட்டுத்தனமாகக் கலப்பது என்ன என்று நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுத்திகரித்துத் தெரிந்தே ஏரியில் விட்டு, ஏரியிலிருந்து மறுபடி சுத்திகரித்து எடுப்பது அதைவிட எத்தனையோ மடங்கு சுத்தம்.

இதில் கவலைப்பட வேண்டியது தொழில்நுட்பத்தை அல்ல, கண்காணிப்பை. ஒரு நாள் ஆலை ஓடாவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகக் கூடாது. சோதனை முடிவுகளை வாரம் தவறாமல் வெளியிட்டால்தான் நம்பிக்கை வரும். அந்தப் பழக்கம் இன்னும் நம்மிடம் வரவில்லை.

ஏரிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதனால் ஒன்றே ஒன்று. சென்னைக்கு ஆண்டு மழை 1,300, 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மூன்று மாதத்துக்குள், பல நேரம் ஒரே வாரத்துக்குள் கொட்டுகிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டு ஊரை மூழ்கடித்தோம். மூன்றரை ஆண்டு கழித்து அதே ஏரியின் தரையில் ஆள் நடந்தார்கள். பெரிய ஏரியை ஆழப்படுத்துவதோடு, வரத்துக் கால்வாயை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்பதும், 2003-இல் கட்டாயமாக்கிய மழைநீர்த் தொட்டிகளில் மணலையும் சல்லியையும் மாற்றுவதும் சேர்ந்தால்தான் பலன். எங்கள் கட்டடத்துத் தொட்டியைத் திறந்தபோது உள்ளே பிளாஸ்டிக் பையும் சிமென்ட் கட்டியும் இருந்தன. அப்படி எத்தனை கட்டடமோ.

கட்டணம்: மானியம் யாருக்குப் போகிறது

இனி எனக்கு மிகவும் வேண்டிய பகுதி.

சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புக்கு மீட்டர் கிடையாது. மாதம் இவ்வளவு என்று நிலையான கட்டணம். நீண்ட காலம் அது வீட்டுக்கு 50 ரூபாயாக இருந்தது. பிறகு கொஞ்சம் ஏறியது. அந்த 50 ரூபாயை வைத்தே கணக்குப் போடுவோம். நால்வர் உள்ள வீடு, தலைக்கு நாளுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுப்படி, மாதம் 16,000 லிட்டர் செலவிடும். ஆயிரம் லிட்டருக்கு 3 ரூபாய். அதே ஆயிரம் லிட்டரைக் கடலிலிருந்து எடுக்க 49 ரூபாய். 46 ரூபாய் மானியம்.

மானியம் தவறு என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் இல்லாமல் யாரும் வாழ முடியாது, அதை வாங்கும் சக்தியோடு கட்டிவிடக் கூடாது. ஆனால் இந்த 46 ரூபாய் யார் வீட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். இணைப்பு உள்ளவருக்கு. அதிலும் பெரிய சம்ப் உள்ளவருக்கு. அதிலும் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுபவருக்கு. அதிக நீர் இழுப்பவருக்கு அதிக மானியம். தெரு முனையில் குடம் வைத்துக் காத்திருப்பவருக்கு நீர் இலவசம்தான், ஆனால் தூக்கத்தையும் மறுநாள் கூலியையும் கொடுத்து வாங்கிய இலவசம். குழாயே எட்டாத புறநகரில் இருப்பவர் லாரிக்காரரிடம் 12,000 லிட்டரை 1,500 ரூபாய்க்கு வாங்கினால் ஆயிரம் லிட்டருக்கு 125 ரூபாய் ஆகிறது. 20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 1,500 ரூபாய். ஒரே ஊரில், ஒரே பொருளுக்கு 3 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் வரை.

என்ன மாற்று? மூன்று வகையைப் பார்க்கலாம்.

ஒன்று, அடிப்படை அளவு இலவசம். தென்னாப்பிரிக்காவில் மாதம் ஒரு வீட்டுக்கு 6,000 லிட்டர் இலவசம் என்று 2001-இல் கொள்கை வகுத்தார்கள். டெல்லியில் மீட்டர் உள்ள வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் இலவசம். அதைத் தாண்டினால் முழுவதற்கும் கட்ட வேண்டும். 20,000 என்பது தாராளம் என்றாலும், மீட்டர் ஓடினால்தான் இலவசம் என்ற நிபந்தனை எனக்குப் பிடித்தது. மக்கள் தாங்களே மீட்டரைக் கேட்டு வாங்குவார்கள்.

இரண்டு, படிப்படியாக ஏறும் கட்டணம். எடுத்துக்காட்டாக முதல் 10,000 லிட்டர் இலவசம், அடுத்த 10,000-க்கு ஆயிரம் லிட்டர் 15 ரூபாய், அதற்கு மேல் கடல்நீரின் விலையான 50 ரூபாய். 20,000 லிட்டர் செலவழிக்கும் வீடு 150 ரூபாய் கட்டும். 30,000 என்றால் 650. நியாயமாகத் தோன்றுகிறது, ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒண்டுக்குடித்தனம். திருவல்லிக்கேணியிலோ ராயபுரத்திலோ ஒரே வாசலுக்குள் ஆறு குடும்பம், ஒரே இணைப்பு. மீட்டர் அவர்களை ஒரு பெரிய பணக்கார வீடு என்று நினைத்துக்கொள்ளும். அந்த வாசலில் எத்தனை ரேஷன் கார்டு இருக்கிறதோ அத்தனை மடங்கு இலவச அளவு என்று எழுதாமல் இந்தக் கட்டணத்தைக் கொண்டுவந்தால் அது அநியாயம்.

மூன்று, நீருக்கு முழு விலை வைத்துவிட்டு, வசதி இல்லாதவருக்குப் பணத்தைத் தனியாகக் கொடுப்பது. சிங்கப்பூர் செய்வது ஏறக்குறைய இதுதான், சிலி நாட்டிலும் குடும்ப நிலை பார்த்து மானியம் கொடுக்கிறார்கள். கணக்கில் இதுவே சுத்தமானது. ஆனால் யாருக்குத் தகுதி என்ற பட்டியல் சரியாக இருக்க வேண்டும். வாடகை வீட்டில், முகவரிச் சான்று இல்லாமல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறும் குடும்பம் அந்தப் பட்டியலில் முதலில் விட்டுப்போகும். அவர்களுக்குத்தான் உதவி அதிகம் வேண்டும். அதனால் இந்த ஊருக்கு இரண்டாவது வழியை, ரேஷன் கார்டு திருத்தத்தோடு, முதலில் எடுக்கச் சொல்வேன்.

மீட்டர் வைத்தால் குழாயில் நீருக்குப் பதில் காற்று வந்து மீட்டர் சுற்றும் என்ற பயம் உண்மையானது. நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் திறக்கும் குழாயில் அது நடக்கும். அதனால் அடுக்ககம், ஹோட்டல், மால், மருத்துவமனை, ஐடி வளாகம் என்று பெரிய சம்ப் உள்ள இடங்களில் தொடங்க வேண்டும்; குடிசைப் பகுதிக்குக் கடைசியில். போர்க் கிணற்றையும் சேர்க்காவிட்டால் குழாய் நீருக்கு விலை ஏற்றுவது நிலத்தடி நீரைக் காலி செய்வதில்தான் முடியும். விலை ஏறினால் மோட்டாரைப் போட்டுக் கீழே இறங்குவார்கள்.

மீட்டர் என்ன செய்யும் என்பதை எங்கள் கட்டடத்திலேயே பார்த்தேன். 2019-க்கு அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர் வைத்தோம். அதுவரை லாரிச் செலவைச் சமமாகப் பிரித்தோம். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவும், ஐந்து பேரும் வாஷிங் மெஷினும் உள்ள வீடும் ஒரே தொகை கட்டியது அப்போதுதான் வெளியே வந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதல் பில் வந்த அடுத்த வாரமே மூன்று வீட்டில் ஒழுகிக்கொண்டிருந்த ஃப்ளஷ் டேங்க்குகள் சரிசெய்யப்பட்டன. நாளுக்கு மூன்று லாரி இரண்டானது. யாரும் குளிக்காமல் இருக்கவில்லை.

கணக்கில் வராத எல்லை

மேலே சொன்ன எதையும் நாம் தேர்ந்தெடுக்காவிட்டாலும் சென்னை நிற்காது. லாரி ஓடும். அந்த லாரி நீர் எங்கிருந்து வருகிறது? திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து. அதுவும் ஒரு எல்லைதான், மாநகராட்சி எல்லை. அதற்கு 1983 போல் ஒப்பந்தம் கிடையாது, இத்தனை டிஎம்சி என்ற அளவு கிடையாது. கிணற்றுக்காரர் விற்கிறார், பக்கத்து நிலத்துக்காரர் கிணறும் சேர்ந்து இறங்குகிறது, அவர் கையில் ஒரு ரூபாய் வராது. 2019-இல் சில ஊர்களில் மக்கள் லாரிகளை மறித்து நின்றார்கள். ஆந்திரத்திடம் நாம் கேட்கும் நியாயத்தை அந்த ஊர்களுக்கு நாம் கொடுக்கவில்லை.

ஆகவே என் வரிசை இது. பணம் முதலில் பெரிய கட்டடங்களின் மீட்டருக்கும் கசியும் குழாய்க்கும் போக வேண்டும், அந்தக் கட்டணத்தில் வரும் தொகை குழாய் எட்டாத புறநகர்த் தெருக்களுக்கு இணைப்பாகப் போக வேண்டும். கூடவே எல்லாக் கழிவுநீர் ஆலையிலும் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு. முதலில் தொழிற்சாலைக்கு, சோதனை முடிவுகள் நம்பிக்கை தந்தபின் ஏரிக்கு. பிறகு வரத்துக் கால்வாய். கடல்நீர் பேரூரோடு போதும். கிருஷ்ணாவுக்குப் பங்குப்பணத்தைத் தாமதமில்லாமல் கட்டி, கால்வாய்ப் பராமரிப்புக்கு ஆந்திரம் கேட்பதைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்கலாம். நகரத் திட்டத்தின் நீர்க்கணக்கில் மட்டும் அதை 12 என்று எழுதக் கூடாது. கடந்த பத்து ஆண்டில் மிகக் குறைவாக வந்த ஆண்டின் அளவை எழுதிக்கொண்டு மற்றதைத் திட்டமிட வேண்டும். அதற்கு மேல் ஜீரோ பாயின்ட்டில் எவ்வளவு வந்தாலும் அப்படியே பூண்டியில் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.